மழை புடிச்சதுல இருந்து முன்தோல்ல அரிப்பு, கிரீம் போட்டா போகுது விட்டா வருது, சுகர் பாக்கச் சொல்றாங்க ஏன்?

பயின்நாங் குடோன்

எல்லாருக்கும் வணக்கம். பேரு போட விருப்பமில்ல. யாங்கோன்ல பயின்நாங் மார்க்கெட் பக்கம் உளுந்து குடோன்ல கணக்கு பாக்கறேன், லாரி வந்தா மூட்டை எறக்கற எடத்துலயும் நிப்பேன். வயசு 38, கல்யாணமாகி ரெண்டு புள்ளைங்க. நேர்ல ஒருத்தர்கிட்டயும் வாயத் தெறக்க முடியல, அதான் இங்க கேக்கறேன், யாரும் தப்பா நெனைக்காதீங்க.

ஜூன்ல மழை புடிச்சதுல இருந்து ஆண்குறி முனையில, முன்தோலுக்கு உள்பக்கம் செவந்து போயி ஒரே அரிப்பு, சின்னச் சின்னதா செவப்புப் புள்ளி, ஒண்ணுக்குப் போனா எரிச்சல், தோலைப் பின்னாடி தள்ளிப் பாத்தா தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையா ஒட்டிக்கிட்டு இருக்கு, புளிச்ச வாடை வேற. தெருமுனை மருந்துக்கடையில சொன்னேன், கடைக்காரர் ஒரு மாதிரி சிரிச்சுக்கிட்டே "எங்க போயிட்டு வந்தே"ன்னு கேட்டுட்டு ஒரு டியூப் குடுத்தாரு. இந்தியாவுலருந்து வர்ற டியூப்தான், மூணு நாலு மருந்து கலந்திருக்குன்னு பொடி எழுத்துல போட்டிருக்கு. போட்டதும் சட்டுன்னு அடங்கிடுச்சு, நிறுத்தினதும் முன்னவிட மோசமா வந்துச்சு, திரும்பப் போட்டா திரும்ப அடங்குது, இப்படியே ஓடிக்கிட்டு இருக்கு. இப்ப தோலை இழுத்தா ஓரத்துல கீறல் கீறலா வெடிக்குது, சரியா பின்னாடி வரவும் மாட்டேங்குது.

நான் வெளிய எங்கயும் போறவன் இல்ல, பீலிக்கான் ஆத்தா சத்தியமா. ஆனா வீட்டுல சந்தேகப்படறா, பேச்சே கொறஞ்சு போச்சு. இது பொம்பளங்களுக்கு வர்றதுதானே, ஆம்பளைக்கும் வருமா? கூட வேலை பாக்கற ஒருத்தன் சுகர் டெஸ்ட் எடுன்னு சொல்றான், அரிக்கறதுக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம், எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் தாகம் ஜாஸ்தி, அது மூட்டை தூசியில நிக்கறதால இருக்கும்.

மோல்மேன் மச்சான்

அண்ணே இது சூடு வேற ஒண்ணும் இல்ல, மழையில வெளிய குளுந்தாலும் சூடு உள்ள போயிடும். எளநி குடிங்க, ஙாப்பி மீன் விழுது கொறைங்க, மொகத்துக்குப் பூசற தனக்கா கட்டைய கல்லுல நைசா அரைச்சு ராத்திரி பூசிட்டு படுங்க, குளுகுளுன்னு இருக்கும். எங்க தாத்தா இதத்தான் மேகச்சூடுன்னு சொல்லுவாரு. டாக்டருக்கு காசு அழாதீங்க.

பெகு கம்பவுண்டர்

மச்சான், தனக்கா கன்னத்தோட நிக்கட்டும்ப்பா, புண்ணாப் போன தோலுக்குள்ள அரைச்ச பசையப் போட்டா எரிச்சல் கூடுமே தவிர ஒண்ணும் ஆகாது. பவுடரும் வேண்டாம்.

குடோன் தம்பி, நான் டாக்டர் இல்ல, பெகுவுல கிளினிக்ல ரொம்ப வருஷம் கம்பவுண்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். நீங்க எழுதினத படிச்சா எனக்குக் கண்ணுக்கு முன்னாடி தெரியறது கேண்டிடான்னு சொல்ற ஈஸ்ட் பூஞ்சை. பொம்பளங்களுக்கு வெள்ளைப்படுதல் வருதே, அரிப்போட, அதே பூஞ்சைதான். ஆம்பளைக்கும் வரும், நல்லாவே வரும், அதுவும் முன்தோல் உள்ளவங்களுக்கு அந்த மடிப்புக்குள்ள ஈரமும் சூடும் தங்கறதால. இது வெளியிலருந்து வந்து ஒட்டிக்கிட்ட பொருள் இல்ல தம்பி, நம்ம வாயில, குடல்ல, தோல்ல சும்மா கெடக்கற பூஞ்சைதான், எடம் வாகா அமைஞ்சா பெருகிடும். அதனால கடைக்காரர் சிரிச்ச சிரிப்புக்கு அர்த்தமே இல்ல. பொம்பளங்ககிட்டப் போயி வாங்கிட்டு வர்ற சீக்குன்னு இதச் சேக்க முடியாது.

நம்ம ஊர்ல ஒரு சங்கதி இருக்கு, யாரும் யோசிக்கறது இல்ல. தொட்டியடியில நாலு பேருக்கு முன்னாடி லுங்கிய கட்டிக்கிட்டே குளிக்கறோம், தண்ணிய மொண்டு மேல ஊத்தறோம், லுங்கிக்கு மேலயே சோப்பு தேய்ச்சுக்கறோம், அப்புறம் காஞ்ச லுங்கிய மேலால மாட்டி ஈர லுங்கிய கீழ நழுவ விடறோம். அதுல அந்த எடத்தை எங்க கழுவினோம், எங்க தொடச்சோம்? தோலைப் பின்னாடி தள்ளி வெறும் தண்ணியில கழுவி, ஒத்தி ஒத்தி தொடச்சு, காஞ்சப்புறம் தோலை முன்னாடி விடணும், அதச் செய்யறவன் நூத்துல எத்தனை பேரு. மழை மாசத்துல துணியும் காயாது, அரைகுறையா காஞ்ச ஜட்டியப் போட்டுக்கிட்டு பஸ்ல நெரிசல்ல நின்னு வேலைக்குப் போறோம். திஞ்ஞான் தண்ணித் திருவிழாவுல நாள் பூரா ஈரத்தோட ஆடிட்டு வர்ற பசங்களும் அதுக்கப்புறம் கிளினிக்குக்கு அரிப்போட வருவானுங்க, அது பாதிப் பேருக்கு தொடை இடுக்கு படையா இருக்கும், அது வேற.

இப்ப அந்த டியூப் விஷயம். இது முக்கியம், பொறுமையா படிங்க. டியூப்ல என்னென்ன மருந்து எழுதியிருக்குன்னு எழுத்துக்கூட்டிப் பாருங்க, குளோபெட்டசால்னோ பீட்டாமெத்தசோன்னோ ஒரு பேரு இருந்தா அது ஸ்டீராய்டு. குளோபெட்டசால் அந்த ஜாதியில ரொம்ப வீரியமானது. ஸ்டீராய்டு என்ன பண்ணும்னா செவப்பையும் அரிப்பையும் ஒரு ராத்திரியில அமுக்கிடும், ஆனா பூஞ்சைய எதுத்து நிக்கற ஒடம்போட சக்தியையும் சேத்து அமுக்கும். மேல அமைதி, அடியில பூஞ்சை கொழுக்கும். நிறுத்தினதும் பொங்கிக்கிட்டு வரும், நீங்க சொன்ன கதை அச்சு அசல் அதான். அதோட அந்த எடத்துத் தோலு மெல்லிசு, வீரியமான ஸ்டீராய்டு போடப் போட இன்னும் மெல்லிசாகி வெடிக்கும். டியூப்புக்குள்ள பூஞ்சை மருந்தும் இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கும், ஆனா அரிப்பு அடங்கினதும் நாம நிறுத்திடறோம், பூஞ்சை சாகறதுக்குள்ள. இப்படிக் கலந்து கட்டி ஒரே டியூப்ல எல்லாத்தையும் போட்டு யாரும் சீட்டு கேக்காம விக்கறதுதான் எனக்கு வயித்தெரிச்சல். காய்ச்சலுக்குன்னு கடையில கலந்து கட்டித் தர்ற மாத்திரைப் பொட்டலமும் இதே கதைதான், அதுக்குள்ள ஆன்டிபயாடிக் இருந்தா ஒடம்புல உள்ள நல்ல கிருமியும் சேந்து சாகும், ஈஸ்ட்டுக்குப் போட்டி இல்லாமப் போயிடும். சமீபத்துல அப்படி ஏதும் சாப்பிட்டீங்களா?

மருந்துன்னு பாத்தா, தனி க்ளோட்ரிமசோல் 1 சதவீத கிரீம், கூட வேற எதுவும் கலக்காதது, காலைல ராத்திரி ரெண்டு வேளை, அரிப்பு போயிட்டாலும் விடாம 7 நாள்லருந்து 14 நாள் வரைக்கும். மைக்கோனசோல் 2 சதவீதமும் ஆகும். டெர்பினாஃபின் கிரீமைக் குடுத்தா வாங்காதீங்க, அது படைக்கு நல்லா கேக்கும், ஈஸ்ட்டுக்கு அந்த அளவுக்கு இல்ல. சோப்பு, கிருமிநாசினித் தண்ணி, வாசனை போட்ட ஈரத் துடைப்புத்தாள் ஒண்ணும் அங்க படக்கூடாது. வெடிச்ச தோலை வலுக்கட்டாயமா இழுக்காதீங்க, எவ்வளவு சுளுவா வருதோ அவ்வளவு போதும், ஏன்னா பின்னாடி போன தோலு முன்னாடி வராம மாட்டிக்கிச்சுன்னா வீங்கி ரத்த ஓட்டம் நின்னுடும், அது அன்னிக்கே ஆஸ்பத்திரி கேசு.

சுகருக்கு வர்றேன். உங்க நண்பர் கெட்டிக்காரர், அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க, சர்க்கரை இல்லாம. 38 வயசுல திரும்பத் திரும்ப இது வருது, தாகமும் இருக்கு, முன்தோலு ஓரம் வெடிச்சு இறுகிக்கிட்டு வருதுன்னா நான் இருந்த கிளினிக் டாக்டர் மொதல்ல ரத்தம்தான் எடுக்கச் சொல்லுவாரு. ரத்தத்துல சர்க்கரை ஏறினா ஒரு அளவுக்கு மேல மூத்திரத்துல எறங்கும், அந்த ரெண்டு சொட்டு முன்தோலுக்குள்ள தங்கும், ஈஸ்ட்டுக்குத் தீனி. சுகர் ஜாஸ்தியா இருந்தா எதுத்து நிக்கற வெள்ளை அணுவும் மந்தமாயிடும். எத்தனையோ பேருக்கு சர்க்கரை இருக்கறதே இந்த அரிப்பாலதான் தெரிய வந்திருக்கு. வெறும் வயித்துல 126ஓ அதுக்கு மேலயோ இருந்தா, மூணு மாச சராசரி சுகரக் காட்டற எச்பிஏ1சி டெஸ்ட் 6.5ஓ மேலயோ இருந்தா சர்க்கரை வியாதிக் கணக்கு, ஒருமுறைக்கு ரெண்டு முறை பாத்து உறுதி பண்ணுவாங்க. நாளைக்கே போங்க.

26ம் தெரு பாய்

சலாம். கம்பவுண்டர் ஐயா சொன்னது சரிதான். எங்க ஆளுங்களுக்கு சுன்னத் பண்றதால இது கம்மின்னு சொல்வாங்க, கம்மிதான், ஆனா வரவே வராதுன்னு இல்ல, எங்க மாமாவுக்கு சுகர் ஏறின சமயம் வந்துச்சு. தொடை இடுக்குப் படைக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாம நாங்களும் ரொம்ப நாள் படை கிரீமையே தடவிட்டு இருந்தோம். தோல் டாக்டர் சொன்னது, படை பெரும்பாலும் வட்டமா ஓரம் தடிச்சு தொடையில பரவும், விதைப்பையில அவ்வளவா ஏறாது. ஈஸ்ட்டுன்னா விதைப்பையிலயும் செவக்கும், பெரிய செவப்புக்கு சுத்திலும் குட்டிக் குட்டிப் புள்ளி தனித்தனியா இருக்கும். சந்தேகமா இருந்தா லேசா சொரண்டி எடுத்து பொட்டாஷ் தண்ணி விட்டு மைக்ரோஸ்கோப்ல பாப்பாங்க, அங்கயே தெரிஞ்சிடும்.

சிரியம் வாத்தியார்

நானும் சொல்லிடறேன், வயசானவன் எனக்கென்ன வெக்கம். எனக்கு சர்க்கரை பல வருஷமா இருக்கு, அரிப்பு எல்லாம் வந்ததே இல்ல. டாக்டர் புதுசா ஒரு மாத்திரை மாத்திக் குடுத்தாரு, டாபாகிளிஃப்ளோசின்னு பேரு, இருதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லதுன்னு. சுகர் நல்லா எறங்குச்சு, உண்மையச் சொல்லணும். ஆனா கொஞ்ச நாள்லயே இந்தத் தம்பி சொல்ற அதே தொல்லை. நான் என்னடான்னா இந்த வயசுல எனக்கு இது எப்படின்னு பயந்து, பொண்டாட்டி போய்ச் சேந்து வருஷமாச்சு, யார்கிட்ட சொல்றது, கடைசில மகன்கிட்ட சொல்லி அவன்தான் நெட்ல தேடிப் பாத்தான். அந்த மாத்திரையோட வேலையே கிட்னி திரும்ப உறிஞ்ச வேண்டிய சர்க்கரைய உறிஞ்ச விடாம மூத்திரத்துலயே வெளிய தள்றதாம், ஒரு நாளைக்கு பத்துப் பதினஞ்சு ஸ்பூன் சர்க்கரை அந்த வழியாப் போகுமாம்! ஈஸ்ட்டுக்குக் கல்யாண விருந்து மாதிரி. எம்பாகிளிஃப்ளோசின், கனாகிளிஃப்ளோசின் எல்லாம் இதே குடும்பம், எல்லா மாத்திரைப் பேரும் கிளிஃப்ளோசின்னுதான் முடியும். மாத்திரைச் சீட்டுலயே போட்டிருக்கு, ஆம்பளைங்கள்ல நூத்துக்கு கிட்டத்தட்ட 3 பேருக்கு இப்படி வருமாம், பொம்பளங்களுக்கு அதவிட ஜாஸ்தி.

நான் மாத்திரைய நிறுத்திடலாம்னு கிளம்பினேன், டாக்டர் திட்டினாரு. நிறுத்த வேண்டாம், க்ளோட்ரிமசோல் போடுங்க, ஒண்ணுக்குப் போனா ஒவ்வொரு தடவையும் தண்ணி ஊத்திக் கழுவி ஒத்தித் தொடைங்கன்னாரு. அதுலருந்து பாட்டில்ல தண்ணி இல்லாம வெளிய கெளம்பறது இல்ல. திரும்ப வரல. ஆனா ஒண்ணு, அந்த எடத்துலயோ விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவுலயோ வலியோட வீக்கம், காய்ச்சல், தோல் கறுத்துப் போறதுன்னு இருந்தா ஒரு நிமிஷம் யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னாரு, ரொம்ப அபூர்வமா சதை அழுகற நோய் வருமாம், அமெரிக்காவுல 2018ல இந்த மாத்திரைங்களுக்கு அதுக்காகவே எச்சரிக்கை விட்டிருக்காங்க.

தம்பி நீங்க சர்க்கரை மாத்திரை ஒண்ணும் சாப்பிடலன்னு நெனைக்கறேன், ஆனா படிக்கற மத்தவங்களுக்கு ஆகும்.

கமாயுட் அக்கா

தம்பி, உங்க வீட்டம்மா பக்கத்துலருந்து பேசறேன். சந்தேகப்படறான்னு எழுதியிருக்கீங்க, ஆனா அவகிட்ட என்ன சொன்னீங்கன்னு எழுதவே இல்ல. மூடி மறைச்சு, பாத்ரூம்ல டியூப்ப ஒளிச்சு வச்சா யாருக்குத்தான் சந்தேகம் வராது? அவளைக் கூடவே கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயால இது பூஞ்சை, வெளிய போயி வாங்கிட்டு வர்றது இல்லன்னு கேட்டா பாதி பிரச்சனை அங்கயே போச்சு.

இன்னொண்ணு, அவளுக்கும் அரிப்பு, தயிர் மாதிரி வெள்ளைப்படுதல் இருக்கான்னு கேட்டீங்களா? நம்ம பொம்பளங்க இத வருஷக்கணக்கா வச்சிக்கிட்டு வேப்பந்தண்ணி ஊத்திக்கிட்டு வாயத் தெறக்காம இருப்பாங்க. இருந்தா ரெண்டு பேரும் ஒண்ணா மருந்து எடுக்கணும். ஒண்ணும் இல்லன்னா அவளுக்கு மருந்து தேவை இல்ல, சும்மா பயத்துக்காக மாத்திரை முழுங்க வைக்காதீங்க, முக்கியமா வயித்துல புள்ள இருக்கற சந்தேகம் இருந்தா பூஞ்சைக்கு முழுங்கற ஃப்ளூகோனசோல் மாத்திரை கூடாது.

மோல்மேன் மச்சான்

சரி சரி தனக்கா வேண்டாம் 😅 எளநியாவது குடிக்கலாம்ல?

பெகு கம்பவுண்டர்

அதுலயும் சர்க்கரை இருக்கு மச்சான். ரிப்போர்ட் வரட்டும்.

பயின்நாங் குடோன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டியூப்ப எடுத்துப் பாத்தேன், குளோபெட்டசால்னு இருக்கு, கூட க்ளோட்ரிமசோலும் இருக்கு, இன்னும் ரெண்டு பேரு படிக்க வரல. மழைக்கு முன்னாடி பல் வீங்கிப்போய் கடையில பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டதும் உண்மைதான் ஐயா.

ரத்தம் குடுத்தேன். வெறும் வயித்துல 171, எச்பிஏ1சி 8.2. எனக்குத் தல சுத்திடுச்சு. எங்கப்பாவுக்கு சர்க்கரை இருந்துச்சு ஆனா அவருக்கு அறுபதுலதான் வந்துச்சு. வீட்டம்மாகிட்ட சொல்லிட்டேன், அழுதுட்டு அப்புறம் அவளேதான் டீக்கடை பால் டீய நிறுத்துன்னு சண்டை போடறா, கண்டென்ஸ்டு பால் டப்பாவ தூக்கிப் போட்டுட்டா. அவளுக்கும் லேசா அரிப்பு இருக்காம், இத்தன நாள் சொல்லல, அக்கா சொன்னது அப்படியே.

ரெண்டு கேள்வி. கடையில ஒரே ஒரு மாத்திரை, ஃப்ளூகோனசோல் 150, ஒருவேளை போட்டா போதும்னு சொல்றாங்க, கிரீமுக்கு பதிலா அத முழுங்கிடலாமா? டாக்டர பாக்க சனிக்கிழமைதான் போக முடியும், அதுக்கு முன்னாடி அப்பாவோட பழைய சுகர் மாத்திரை வீட்டுல இருக்கு, கிளிபென்கிளமைடு, அதுல பாதி போட்டுக்கலாமா?

பெகு கம்பவுண்டர்

ரெண்டாவது கேள்விக்கு மொதல்ல: கூடவே கூடாது. அப்பா மாத்திரைய தொடாதீங்க. அதுவும் கிளிபென்கிளமைடையும் ஃப்ளூகோனசோலையும் ஒண்ணா முழுங்கினா, ஃப்ளூகோனசோல் அந்த சுகர் மாத்திரைய ஒடம்புலருந்து கழிய விடாம நிறுத்தி வச்சிடும், சுகர் திடீர்னு கீழ எறங்கி குடோன்லயே மயங்கி விழுவீங்க. கிளிமெபிரைடு, கிளிக்லசைடுக்கும் இதே எச்சரிக்கைதான். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறவங்களுக்கும் ஃப்ளூகோனசோல் ஆகாது, ரத்தக்கசிவு வரும். சனிக்கிழமை வரைக்கும் இந்த நம்பர்ல ஒண்ணும் குடி முழுகிடாது. ஆனா தாகம் தாங்க முடியாமப் போயி, மூச்சு வாங்கி, வாந்தியும் வந்தா சனிக்கிழமைய எதிர்பாக்காதீங்க.

மொதக் கேள்வி. அந்த ஒத்த மாத்திரை நிஜமான மருந்துதான், கிரீம் ஆகலன்னாலோ ரொம்ப ஜாஸ்தியா இருந்தாலோ டாக்டர் குடுப்பாரு. இப்போதைக்கு கலப்பு டியூப்ப நிறுத்திட்டு தனி க்ளோட்ரிமசோல் ஆரம்பிங்க. ஸ்டீராய்ட நிறுத்தினதும் நாலஞ்சு நாள் அரிப்பும் செவப்பும் கூடின மாதிரி இருக்கும், பயந்து பழைய டியூப்புக்குப் போகாதீங்க, வேணும்னா வெதுவெதுப்பான தண்ணியில லேசா உப்புப் போட்டு கழுவுங்க, இதமா இருக்கும். வீட்டம்மாவுக்கு உள்ள வைக்கற க்ளோட்ரிமசோல் மாத்திரை இருக்கு, அவங்களையும் டாக்டர் பாக்கட்டும், ரெண்டு பேருக்கும் ஆறற வரைக்கும் தள்ளி இருங்க. ஆணுறை போட்டுக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க, இந்த கிரீம்ல இருக்கற எண்ணெய் ரப்பர நொய்ய வச்சிடும், நம்பாதீங்க.

டாக்டர்கிட்ட மூணு விஷயம் வாய்விட்டு கேட்டுடுங்க. தோலு இறுகிக்கிட்டு வருதுன்னு காட்டுங்க, சர்க்கரை கட்டுக்குள்ள வந்தும் திரும்பத் திரும்ப வந்தா முன்தோல் எடுக்கற சின்ன ஆபரேஷன் பத்திப் பேசுவாங்க, அது பெரிய விஷயம் இல்ல, பாய்கிட்ட கேளுங்க. கிளிஃப்ளோசின் குடும்பத்து மாத்திரை எழுதினா இப்ப எனக்கு இந்தத் தொல்லை இருக்குன்னு சொல்லுங்க, வாத்தியார் சொன்ன காரணத்துக்காக. அப்புறம் ரெண்டு வார மருந்துக்கும் கேக்காத வெள்ளைத் தழும்போ, வலியில்லாத புண்ணோ, கெட்டியான கட்டியோ இருந்தா அது ஈஸ்ட் கணக்குல வராது, சிஃபிலிஸ் டெஸ்ட் பாக்கணும், தேவைப்பட்டா துளி சதை எடுத்துப் பாக்கணும். அப்படிக் கேட்டா கோவிச்சுக்காதீங்க, உங்க மேல சந்தேகப்பட்டு கேக்கறது இல்ல.

போகும்போது ரிப்போர்ட்டோட அந்தக் காலி டியூப்பையும் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போங்க, என்ன பூசினீங்கன்னு டாக்டர் பேரு படிச்சுப் பாக்கணும்.

பயின்நாங் குடோன்

சரிங்கய்யா. தனி க்ளோட்ரிமசோல் கெடைச்சிடுச்சு, வேற கடையில. இந்தக் கடைக்காரர் சிரிக்கல.